சத்தம் இருக்கட்டும்

கார் ஸ்பீக்கர் கடைக்கார மார்கோ எங்கள் காருக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டைப் போட்டான். பிறகு எஞ்சினை உறும விட்டான். பாட்டு போன இடம் தெரியவில்லை.

"தலைவரே, இது காரா, கல்லு உடைக்கிற மெஷினா? இதுக்குள்ள உக்காந்து ரெண்டு பேரும் எப்படித்தான் பேசிக்கிறீங்க?"

"பேசிக்கிறதில்ல" என்றார் என் கணவர் டெஸ்.

நான் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடி கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

மார்கோ உற்சாகமாகிவிட்டான். புது ஸ்பீக்கர் நான்கு, ஒரு ஆம்ப்ளிஃபயர், பின் சீட்டில் ஒரு பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டி. தரையிலும் கதவுகளிலும் சத்தத்தை அமுக்கும் கெட்டியான பாய் ஒட்டிவிடுவானாம்.

"அப்புறம் அம்மா முணுமுணுத்தாக்கூட உங்க காதுல விழும் பாருங்க."

நான் ஜிப்பை இழுத்து மூடினேன்.

எலிசபெத் என்ற ஊரில் இருந்த கார் தொழிற்சாலையில் டெஸ் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப். அங்கே காதை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்த ஆட்கள் கிறிஸ்துமஸ் விருந்தில்கூட ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வாயை மட்டும் அசைத்து வம்பளப்பார்கள். தொழிற்சாலையை மூடியதும் வீட்டு அமைதியில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கைக்கு வந்த பணத்தில் இந்த மஞ்சள் நிற இரண்டு கதவு வண்டியை வாங்கினார்.

அதே வாரம்தான் எங்கள் மகன் கிரெய்க் வாயை விட்டான். "உங்க ஆளுங்க சோம்பேறித்தனத்தாலதான் இழுத்து மூடினாங்க" என்றான். டெஸ் வாசலைக் காட்டினார்.

ஆறு வருஷமாகிறது. வீட்டில் கிரெய்க் என்று சொன்னால் போதும், டெஸ் எழுந்து கொல்லைக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

அதனால் நான் காரில் சொன்னேன்.

ஞாயிறுதோறும் கடலோரம் விக்டர் ஹார்பர் வரை போவோம். மேட்டில் ஏறும்போது வண்டி போடும் கூச்சலில் என் குரல் எனக்கே கேட்காது. நேராகச் சாலையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். செவ்வாய்க்கிழமைகளில் நான் புல்தரையில் பந்து உருட்டும் லான் பௌல்ஸ் ஆடப் போவதில்லை, மர்ரே பிரிட்ஜில் கிரெய்க் வீட்டுக்குப் போகிறேன். அவனுக்கு ஒரு மகள், பெயர் இண்டி. உன் மோவாய் அப்படியே அவளுக்கு இருக்கிறது, கிழட்டுப் பிடிவாதமே.

சொல்லி முடித்தால் நெஞ்சு லேசாகும். கடலைப் பார்த்தபடி மீனும் சிப்ஸும் தின்போம். டெஸ் சில சமயம் தலையை ஆட்டுவார். சாலை வளைவுக்கு ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி அந்தப் பாயை ஒட்டிவிட்டால்? ஒன்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாமலே சாக வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தைரியமில்லை.

"இதெல்லாம் எதுக்கு? வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

டெஸ் அசையவில்லை. மார்கோ, அவன் மதியச் சாப்பாட்டை நான் பிடுங்கிக்கொண்டதுபோல் பார்த்தான். பிறகு காருக்குள் எதையோ கவனித்துச் சிரித்தான்.

"என்ன தலைவரே, இந்தக் கண்ணாடி இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது? பின்னாடி ரோடே தெரியல. பக்கத்து சீட்டுதான் தெரியுது."

அதை நேராக்கினான். டெஸ் குனிந்து கையை நீட்டிப் பழையபடியே திருப்பினார். எத்தனை வருஷமாக நானும் கத்துகிறேன், பின்னால் லாரி வந்தால்கூடத் தெரியாது என்று.

டெஸ் முன் சீட்டை மடக்கிவிட்டுப் பின் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"இங்க உன் பெட்டிய வச்சா, குழந்தை சீட்டு மாட்ட முடியுமா?"

"முடியாது. யாருக்கு?"

"பேத்திக்கு. வர்ற மாசம் நாலு முடியுது. காருல ஏறினா செருப்பக் கழட்டி வீசுவாளாம்."

கைப்பை என் மடியிலிருந்து நழுவி விழுந்தது. செருப்புக் கதையை நான் போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். மேட்டில் ஏறும்போது, நேராகச் சாலையைப் பார்த்தபடி.

"அப்ப பெட்டி வேணாம். பாய் மட்டுமாவது ஒட்டிடலாமே, சத்தம் குறையும்" என்றான் மார்கோ விடாமல்.

"சத்தம் இருக்கட்டும். அப்பதான் என் பெண்டாட்டி பேசுவா."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆறு வருஷம், மனுஷா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

காரில் ஏறினோம். எஞ்சின் உறுமியது. கடை வாசலில் இடப்பக்கம் போனால் வீடு, வலப்பக்கம் போனால் மர்ரே பிரிட்ஜ்.

டெஸ் இடப்பக்க விளக்கைப் போட்டார்.

நான் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு, குரலே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்தேன். "வலது பக்கம்."

வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது. அவர் கண் அந்தக் கோணல் கண்ணாடியில் இருந்தது.

பிறகு அவர் விளக்கை மாற்றினார்.