கிளினிக் அட்டை

"அப்பா இறந்து ஆறு வருசமாச்சு. இப்ப உங்களுக்கு என்னத்துக்கம்மா லூப்?"

கிளினிக் அட்டையை மேசையில் போட்டாள் நிருஷா.

அவளுடைய தாய் பாலேஸ்வரி அப்போதுதான் கந்தோரில் வேலை முடிந்து வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொன்பது வயது. ஒரு வருடமாக உடம்பு திடீர் திடீரென்று நெருப்பாய்க் கொதித்தது.

"என்ர பையை ஏன் கிளறினனீ?"

"ஸ்கூட்டித் திறப்பைத் தேடினனான். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ. பிள்ளை தங்காமல் இருக்கப் போடுறதுதானே இது? வெள்ளவத்தைச் சனத்துக்குத் தெரிஞ்சால் என்ன கதைக்கும்?"

"மாதவிடாய் நிற்கிற காலமடி எனக்கு. சூடு அடங்க ஈஸ்ட்ரஜன் ஜெல் தந்தவை. அதைத் தனியப் பூசினால் கர்ப்பப்பைக்குள்ள தோல் தடிச்சு, கான்சர் வரைக்கும் போகலாமாம். அதைத் தடுக்க இன்னொரு ஹோர்மோன் வேணும். அது இந்த லூப்புக்குள்ள இருக்கு."

நிருஷா போனை எடுத்துத் தேடி வாசித்தாள். முகம் மெல்லத் தளர்ந்தது.

"சொறி அம்மா. நான் என்னென்னவோ நினைச்சிட்டன்."

"என்ன நினைச்சனீ?"

"விடுங்கோவன். நீங்கள் அப்படிப்பட்ட ஆளில்லை எண்டு எனக்குத் தெரியும்."

பாலேஸ்வரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"எப்படிப்பட்ட ஆள்? வருத்தத்துக்கு மருந்தாய்ப் போட்டதெண்டால் நான் நல்லவள். இல்லையெண்டால் கூடாதவளோ? போன மாசம் காலி வீதியில பஸ்ஸுக்குள்ள மயங்கி விழுந்தன். ஒரு வருசமாய் ஒழுங்கான நித்திரையில்லை. ஒருநாளாவது, என்னம்மா செய்யுது எண்டு கேட்டனியோ? சனத்தைப் பற்றிக் கவலைப்பட மட்டும் உனக்கு நேரமிருக்கு."

நிருஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுதான் சொறி எண்டு சொல்லிட்டனே. டாக்டர் சொன்னதைத்தானே நீங்கள் செய்தனீங்கள்."

தலையாட்டிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். பாலேஸ்வரி தலையாட்டவில்லை.

"டாக்டர் அந்த ஹோர்மோனை விழுங்கிற குளிசையாய்த்தான் எழுத வெளிக்கிட்டவ. அந்தக் குளிசை பிள்ளை தங்கிறதைத் தடுக்காது, லூப் எண்டால் ரெண்டையும் பார்க்கும் எண்டவ. நான்தான் லூப்பைக் கேட்டுப் போட்டனான்," என்றாள். "வாற மாசம் எனக்கும் எங்கட கந்தோர் தயாபரனுக்கும் கலியாண எழுத்து."