பன்னிரண்டாம் நாள் தக்காளி

"இது நம்ம தக்காளியே இல்லடா!"

அக்கா போட்ட சத்தத்தில் தம்பி திடுக்கிட்டுக் கொட்டகை வாசலைப் பார்த்தான். நல்லவேளை, யாரும் இல்லை.

இருவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதிலிருந்த தக்காளியில் பாதி உடைந்து, தண்ணீர் விட்டு, பூஞ்சை பூத்துக் கிடந்தது.

பழச்சாறுக் கடைகள் குப்பையில் கொட்டும் தோலை வாங்கிவந்து அக்கா ஒரு பூச்சு கண்டுபிடித்திருந்தாள். அதில் முக்கியெடுத்த தக்காளி, குளிர்பெட்டியும் மின்சாரமும் இல்லாமலே மூன்று வாரம் கெடாது. அதை நம்பித்தான் அக்காவும் தம்பியும் பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக நிறுவனம் தொடங்கினார்கள். விவசாயிகள் சங்கம் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தது. ஓர் உறுப்பினரின் கொட்டகையில் பன்னிரண்டு நாள் ஒரு கூடைத் தக்காளி கெடாமல் இருக்க வேண்டும். இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். இன்னும் அரை மணியில் சங்கத்தார் வந்துவிடுவார்கள்.

"தோத்துட்டோம்னு ஒத்துக்கோக்கா. ஆய்வுக்கூடத்துல நின்னது இந்த அனல்ல நிக்கல."

"நிக்கும். கூடைய இங்க வெச்ச அன்னைக்கு ஒவ்வொரு பழத்துலயும் காம்புக்குப் பக்கத்துல மையால ஒரு புள்ளி வெச்சேன். இதுல ஒண்ணுலகூட அது இல்ல."

"என்கிட்டகூடச் சொல்லலையே?"

"உன்னையும் சேர்த்துதான் நம்பல."

தம்பியின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. கொட்டகையின் சொந்தக்காரரான தோட்டக்காரர் துண்டால் கையைத் துடைத்தபடி உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"கூடைய யாரு மாத்தினது, அண்ணே?"

"மாத்தினதா? யாரு சொன்னா?" அவர் பார்வை தரைக்குப் போனது.

"போன வாரம் குளிர்கிடங்கு முதலாளியோட வண்டி உங்க வாசல்ல நின்னுச்சே, எதுக்கு?"

"அவர் என் சம்சாரத்துக்குச் சொந்தம். வந்தார், போனார்."

"ஓஹோ, சொந்தமா! எங்க பூச்சு ஜெயிச்சா அவர் கிடங்குல ஈதான் ஓட்டணும். அது தெரியாதா உங்களுக்கு? என்ன ஆசை காட்டினார்?"

"வார்த்தைய அளந்து பேசும்மா."

"அக்கா, விடேன்" என்று தம்பி கையைப் பிடித்து இழுத்தான். உதறினாள்.

"எதுக்கு விடணும்? மூணு வருஷம் தோலோட தோலாக் கிடந்து கண்டுபிடிச்சதுடா! நேராக் கேக்கறேன் அண்ணே, நேராச் சொல்லுங்க. மாத்தினீங்களா, இல்லையா?"

வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது. தோட்டக்காரர் துண்டை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார்.

"மாத்தினேன்" என்றார்.

"கேட்டியாடா?" அக்கா தம்பியிடம் கத்தினாள். "சங்கத்துக்காரங்க முன்னாடி இதையே சொல்லுங்க!"

"சொல்றேன். மொதல்ல என்கூட வாங்க."

விறுவிறுவென்று வீட்டுக்குள் நடந்தார். இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். அவர் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்து வெளியே போட்டார்.

"தப்பா நினைக்காதம்மா. நான் வயலுக்குப் போற நேரம் பார்த்து நீங்களே வந்து நல்ல பழத்த வெச்சிட்டுப் போயிடுவீங்களோன்னு எனக்குச் சந்தேகம். அதான் நீங்க வெச்சிட்டுப் போன அன்னைக்கே உங்க பழத்த எடுத்து இங்க பூட்டிட்டு, அங்க என் தோட்டத்துப் பழத்த வெச்சேன்" என்றபடி அவர் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்க, உள்ளே அத்தனை தக்காளியும் சற்றுமுன் பறித்தவை போல மினுமினுத்தன.