ஞாயிற்றுக்கிழமை ஜோடி

“வயசு அறுபத்தஞ்சுன்னு போட்டுக்கறேன்” என்றார் ஜெயகுமாரி, எதிரில் நின்ற மாதம்மாளின் முகத்தைப் பார்த்தே.

“போட்டுக்கோங்க அம்மணி” என்றாள் மாதம்மாள். அவள் பார்வை பள்ளி விடுதி முற்றத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகள் மேல் இருந்தது.

ஜெயகுமாரி ஏற்காட்டு மாதர் சங்கத்தின் செயலாளர். கேட்டுக்கு வெளியே நின்றிருந்தவளை, “ஆட வந்தவதானே, உள்ள வா பாட்டி” என்று கூப்பிட்டதும் அவர்தான். மலை ஜனங்களுக்குப் பிறந்த வருஷம் தெரியாது, பார்த்து நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவர் அனுபவம். முன்பல் இரண்டு இல்லை, தலை முக்கால்வாசி நரை. இதற்கு மேல் என்ன விசாரணை?

அது 1979, குழந்தைகள் ஆண்டு. சங்கமும் ஏதாவது செய்தாக வேண்டும். விடுதிப் பிள்ளைகளையும் எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்த கிழங்களையும் ஜோடி சேர்த்து, ஆறு ஞாயிற்றுக்கிழமை பழக்கி, மேடையில் ஆட விடுவது என்று முடிவானது. பிள்ளைக்குப் பாசம், கிழத்துக்குத் துணை, சங்கத்துக்கு ஃபோட்டோ.

“நொம்ப நல்ல காரியமுங்க” என்றார் விடுதி வார்டன் அருள்சாமி. “இங்க பெத்தவங்கள மாசத்துல மொத புதன்கிழமை மட்டுந்தான் உள்ள வுடறது. அடிக்கடி வந்தா புள்ளைங்க அழுவுதுங்க, படிப்பு கெட்டுப்போவுது.”

புதன்கிழமை எஸ்டேட்டில் வேலை நாள் என்பதால் முக்கால்வாசிப் பேர் வருவதே இல்லை. அதுவும் படிப்புக்கு நல்லதுதான் என்பது வார்டனின் கட்சி.

ஜோடி பிரித்தார்கள். ஐந்தாம் வகுப்பு முத்தாயிக்கு வெள்ளையன் என்ற கிழவர் வாய்த்தார். மாதம்மாள் முன்னால் வந்தாள்.

“ஏனுங்க அம்மணி, எனக்கு அந்தப் புள்ளையக் குடுங்க.”

“எந்தப் பிள்ளையா இருந்தா என்ன பாட்டி?”

“ஒசரம் சரியா இருக்குமுங்க.”

வெள்ளையனுக்கு யாராக இருந்தாலும் சரி. அவர் கவலை டீயும் பன்னும் எப்போது வரும் என்பது. ஜெயகுமாரி மாற்றிக் கொடுத்தார். முத்தாயி தலையைத் தூக்கவே இல்லை. மாதம்மாள் கையைப் பிடித்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பாட்டியப் பாத்து என்ன பயம்? கடிச்சா சாப்பிடுவாங்க?” என்று ஜெயகுமாரி அதட்டினார்.

டேப் ரிக்கார்டரில் வாத்திய இசை ஓடும். கைகோத்து இடப்பக்கம் மூன்று அடி, வலப்பக்கம் மூன்று அடி, பிறகு ஒரு சுற்று. மாதம்மாள் மஞ்சக்குட்டையிலிருந்து நடந்தே வருவாள். காப்பிப் பழம் பறிக்கும் காலம், வாரத்தில் ஓய்வென்று இருப்பதே அந்த ஒரு நாள். மற்றக் கிழங்கள் ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கி உட்கார, அவள் மட்டும், “இன்னொருக்கா ஆடலாமுங்களா?” என்று கேட்டுக்கொண்டு நிற்பாள்.

இரண்டாவது வாரத்திலேயே மற்றப் பிள்ளைகள் பாட்டி, தாத்தா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கின. முத்தாயி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆட்டம் முடிந்து மணி அடித்த பிறகும் பிடித்த கையை விடாமல் நிற்பாள், அவ்வளவுதான்.

“பாட்டின்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா முத்தா உதிர்ந்துடும்?” ஜெயகுமாரிக்கு எரிச்சல். நாலாவது வாரம் சொல்லியே விட்டார். “ஃபோட்டோவுல இது மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்? பாட்டி, உங்களுக்கு வேற நல்ல பிள்ளையா தர்றேன்.”

மாதம்மாளின் முகம் செத்துவிட்டது. “வேண்டாமுங்க அம்மணி. இந்தப் புள்ளயே இருக்கட்டுமுங்க. சிரிக்குமுங்க, நான் சிரிக்க வெக்கறனுங்க.”

குனிந்து பிள்ளையின் காதில் என்ன சொன்னாளோ, முத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள்.

“பரவாயில்லையே” என்றார் ஜெயகுமாரி. “இப்படியே விழா அன்னிக்கும் ஆடிட்டா, வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை இதை நடத்தலாம்னு இருக்கோம்.”

“வருசம் பூராவுங்களா?” மாதம்மாள் இரண்டு முறை கேட்டாள். பெரிய பேராசை பிடித்தவள். அவளுக்கு அந்தப் பிள்ளையின் கை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வேண்டியிருந்தது.

விழாவுக்குச் சேலத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் வார்டன். பதினாலு ஜோடி ஆடியதில் ஒரு அடி கூடத் தவறாதது மாதம்மாளும் முத்தாயியும்தான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

ஜெயகுமாரி மைக்கைப் பிடித்தார். “பாசத்துக்கு ஏங்கற குழந்தைங்க இவங்க. முன்ன பின்ன தெரியாத ஒரு பாட்டி ஆறே வாரத்துல இந்தக் குழந்தைக்குச் சொந்தமாயிட்டாங்க. அதுதான் எங்க சங்கத்தோட சாதனை.”

அதிகாரி கைதட்டினார். வார்டனும் தட்டினார்.

ஜெயகுமாரி மைக்கை முத்தாயியின் வாயருகே நீட்டினார். “கூச்சப்படாம சொல்லு கண்ணு. இந்தப் பாட்டி உனக்கு யாரு?”

வேண்டாம் என்று மாதம்மாள் தலையை அசைத்தாள். முத்தாயி அவளைப் பார்த்தாள், முன்வரிசையைப் பார்த்தாள், மறுபடி அவளையே பார்த்தாள். பிடித்த கையை விடவில்லை.

“பாட்டி இல்லீங்க, என்னப் பெத்த அம்மாங்க.”