ஓட்டுக்கு ஓட்டு

"எஸ்ரா பெரியவரே! ஓட்டுப் போட இன்னும் அரை மணிதான் இருக்கு. கார் வாசல்ல நிக்குது, கிளம்பும்!"

மஞ்சள் ரிப்பன் குத்திய புரூக், அமோஸின் வீட்டுக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்துவிட்டார். லிபரல் கட்சிக்காகத் தெருத்தெருவாக ஆள் பிடிப்பவர். எஸ்ரா கையிலிருந்த டாமினோ காயை மேஜைமேல் வைத்தார்.

எதிரே அமோஸ், சட்டையில் எதிர்க்கட்சியான டோரிகளின் நீல ரிப்பனோடு. இருவருக்கும் நாற்பது வருடம் ஒரே மில்லில் அடுத்தடுத்த தறி. தேர்தல் வந்தால் மட்டும் கீரியும் பாம்பும்.

"நான் வரல," என்றார் எஸ்ரா. "நாங்க பேசி வச்சிருக்கோம். அவனும் போட மாட்டான், நானும் போட மாட்டேன். ஓட்டுக்கு ஓட்டு சரியாப் போச்சு."

"இழுபறியா இருக்குய்யா! இந்த இடைத்தேர்தல்ல தோத்தா, எழுபது வயசுக்காரங்களுக்கான நம்ம பென்ஷன் சட்டத்தைக் கிடப்புல போட்டுடுவாங்க. அடுத்த வருஷம் உமக்கே எழுபது. மறந்துட்டீரா?"

மறக்கவில்லை. அந்த நினைப்பில் எஸ்ரா ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவும் இல்லை.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்."

புரூக் அமோஸ் பக்கம் திரும்பினார். "சரி, ரெண்டு பேருமே வாங்க! பென்ஷன் அமோஸுக்கும்தானே? போற வழியிலேயே பேசி அவரையும் மஞ்சளாக்கிடறேன்!"

அமோஸின் முகம் வெளுத்தது. கையிலிருந்த காய் நழுவிக் கீழே விழுந்தது. புரூக் அவர் தோளைப் பிடித்துத் தூக்கவே போனார்.

எஸ்ரா வாசலில் நின்ற காரைப் பார்த்தார். அமோஸை நிஜமாகவே இழுத்துக்கொண்டு போய்விட்டால்? வாக்குச்சாவடியில் இந்நேரம் தெருவே நிற்குமே!

"அவன்மேல கை வைக்காதீர்!" பாய்ந்து குறுக்கே நின்றார். "நாங்க ரெண்டு பேரும் வரல. போம்!"

"நீயெல்லாம் ஒரு லிபரலாய்யா? நீலக்காரன் தாளத்துக்கு ஆடற மண்டூகம்!" கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார் புரூக்.

அதன்பின் ஆட்டம் ஓடவில்லை. காரின் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் கதவையே பார்த்தார்கள். தேவாலய மணி எட்டு அடித்தபிறகுதான் அமோஸுக்கு மூச்சு வந்தது.

"என் ஓட்டு மட்டும் விழுந்திருந்தா, உங்க ஆளு மண்ணைக் கவ்வியிருப்பான்டா!"

"கவ்வியிருப்பான், கவ்வியிருப்பான்," என்று எஸ்ரா எழுந்தார்.

தன் வீட்டு வாசலிலேயே மனைவி ஹெஸ்டர் பிடித்துக்கொண்டாள். "ஊரே கேக்கற மாதிரி புரூக் கத்திட்டுப் போறாரு. பென்ஷனுக்கான ஓட்டை இப்படித் தூக்கி எறிஞ்சிட்டீங்களே! இந்த யோசனை அந்த நீலக்காரனோடதுதானே?"

"இல்ல. நான்தான் சொன்னேன்."

எஸ்ரா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"போன வருஷம் கால் ஒடிஞ்சு கிடந்தப்ப அமோஸ் ஊர் ஏழை நிதியில ரொட்டி வாங்கித் தின்னான், ஹெஸ்டர். அதை வாங்கினவனுக்கு ஓட்டு கிடையாதுன்னு தேவாலயக் கதவுல அவன் பேரை ஒட்டியிருந்தாங்க. யார் கண்ணுலயும் படறதுக்குள்ள அந்தத் தாளைக் கிழிச்சவன் நான்தான். எனக்கு விஷயம் தெரியும்னு அவனுக்குத் தெரியாது."