நேற்றுக் கிடைத்த கட்டு

எட்டாவது தீர்மானத்துக்கு வர இன்னும் மூன்று சாக்கடைகள் பாக்கி இருந்தன.

ஐந்தாவது வட்டத்து உறுப்பினர் எழுந்து, தன் தெருவிளக்கு ஆறு மாதமாகக் கண் சிமிட்டுகிறதே தவிர எரியவில்லை என்றார். யாரைப் பார்த்துச் சிமிட்டுகிறது என்று யாரோ கேட்க, சபை சிரித்தது.

நான் நகராட்சியின் பதிவறை எழுத்தர். கூட்டத்தில் எனக்கு வேலை கிடையாது. இன்று மட்டும் கூப்பிட்டுச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள்.

எனக்கு நேர் எதிரே பொருளாளரின் நாற்காலி. அதை யாரும் எடுக்கவில்லை. அதில் யாரும் உட்காரவும் இல்லை.

பியூன் தண்ணீர் வைத்துக்கொண்டே வந்தார். கைப்பழக்கத்தில் அந்த இடத்திலும் ஒரு டம்ளர் வைத்தார். ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, அதை எடுக்காமலே நகர்ந்துவிட்டார்.

பொருளாளரை நாங்கள் புள்ளிக்காரர் என்போம். ஒரு தொகையை எழுதினால், பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடக் கூடாதென்று பக்கத்தில் அழுத்தி ஒரு புள்ளி வைப்பார். பேனா முனை காகிதத்தில் 'டக்'கென்று இறங்கும். ஊரில் பெரும்புள்ளிகள் நிறைய உண்டு, நம்மவர் வெறும் புள்ளி என்று கேலி செய்வோம். அவரும் சிரிப்பார்.

இரண்டு வாரமாகப் பதிவறையில் தனியாக இருக்கும்போது அந்த 'டக்' கேட்கிறது. அலமாரி மரத்தில் புழுவாக இருக்கலாம்.

அந்த மனிதரைத்தான் திருடன் என்றார்கள்.

குடிநீர்க் குழாய் வாங்கிய பதினேழு ரசீதுகளைத் தணிக்கைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். பதிவறைக்கு அனுப்பிவிட்டேன் என்றார் அவர். நான் இரண்டு நாள் தேடினேன். இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு அது உண்மைதான்.

சென்ற மாதக் கூட்டத்தில் அவர் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம், உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவர் வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் 'குழாய்த் திருடன்' என்று எழுதியிருந்தது. அவருடைய மனைவி ஈரத்துணியால் துடைத்தார். அடுத்த நாளும் எழுதினார்கள். அந்த அம்மாள் அடுத்த நாளும் துடைத்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, அலுவலகம் கிளம்பச் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"எட்டாவது தீர்மானம்" என்றார் தலைவர்.

சபை அடங்கியது. காணாமல் போனதாகக் கருதப்பட்ட பதினேழு ரசீதுகளும், பூங்கா வேலி சம்பந்தமான கட்டுக்குள் தவறுதலாகச் சேர்ந்து கட்டப்பட்டிருந்ததைப் பதிவறை எழுத்தர் நேற்றுக் கண்டெடுத்ததாக அவர் வாசித்தார். எல்லாத் தொகையும் சரி. காலஞ்சென்ற பொருளாளரின் கணக்கில் குற்றமில்லை.

மேஜையைத் தட்டினார்கள்.

பொறுப்போடு தேடிய எழுத்தருக்குப் பாராட்டு என்றார். அதற்கும் தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். எதிரே அந்த டம்ளர் நிரம்பியபடி இருந்தது.

ஒன்பதாவது, குப்பை வண்டிகளுக்கு டயர் வாங்குவது.

நான் வெளியே வந்தேன். பார்வையாளர் பெஞ்சில் இருந்த பொருளாளரின் மனைவியும் பின்னாலேயே வந்தார். தாழ்வாரத்தில், வரி கட்ட நின்றிருந்த வரிசைக்கு நடுவே, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள்.

"நீங்க மட்டும் விடாம தேடலேன்னா அவரு திருடனாவே போயிருப்பாரு, தம்பி."



"இது ஒரு ரெண்டு வாரம் முன்னாடி கெடச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து அவராகவே நிறுத்திக்கொண்டார். "சரி விடுங்க. அது உங்க கையிலயா இருக்கு?"

என் கைகளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.

என் கையில்தான் இருந்தது.

அவர் இறந்ததற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மதியம். வேறு எதையோ தேடும்போது பூங்காக் கட்டைப் பிரித்தேன். பதினேழும் இருந்தன. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. கட்டின் மேல் இருந்த முடிச்சு என்னுடையது. மாற்றிக் கட்டியவன் நான்தான்.

ரசீதைத் தொலைத்தவன் யாராக இருந்தாலும் வேலையை விட்டுத் தூக்குவேன் என்று தலைவர் சொல்லியிருந்தார். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு அந்த வாரம்தான் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு யோசித்து, திங்கட்கிழமை எப்படியாவது பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கேட்க அவர் இல்லை.

அந்த வியாழக்கிழமை, கட்டை மறுபடி கட்டி, அலமாரியிலேயே வைத்தேன்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் அவர் எதிரே வந்தார். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்று, ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார்.

"இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் சார்" என்றேன்.

என் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த பதிவறைத் தூசியைத் தன் கையாலேயே தட்டிவிட்டார்.

"எனக்காக ரொம்பக் கஷ்டப்படறீங்க" என்றார். "மெதுவாத் தேடுங்க, அவசரமில்ல."