விடிகாலை வசவு

“நீ கரைச்ச தவிட்ட மாடே மோந்து பாக்கல. நீ வைக்கிற கொழம்பு எம் மகனுக்கு எறங்குமாடி?”

“போன லீவுக்கு வந்தப்ப ஒங்க மகன் சட்டிய வழிச்சுல்ல தின்னாரு! ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் அத்தை மாட்டுக்குப் பசி போயிருக்கும்!”

செல்வராணி தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். புதுக்கோட்டை ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்றபடி சேலை விரித்துக் காட்டி, கால் வீங்கி நார்த்தாமலைக்குத் திரும்புகிறவளுக்குப் பொழுது இப்படித்தான் விடியும். வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை. மாமியார் செவந்தி பால் கறப்பாள், மருமகள் உமா பக்கத்தில் நிற்பாள், இருவர் வாயும் ஓயாது. வாளி நிறைந்தால்தான் சத்தம் அடங்கும். சாயங்காலம் மறுபடியும் ஆரம்பமாகும்.

ஒட்டுக்கேட்டதே இல்லை என்று செல்வராணி சத்தியம் செய்வாள். ஆனால் எந்த வசவு எந்தக் கிழமை வந்தது என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் செவந்தியின் மகன் கோபிநாத்தை பஸ் ஸ்டாப்பில் மடக்கினாள். “தம்பி, கொலை விழுறதுக்குள்ள பொண்டாட்டிய ஒங்கூடவே திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிரு. நாங்க தூங்க வேணாமா?”

லீவுக்கு மட்டும் ஊர் வந்து போகிறவன் அவன். பயந்துபோய்த் தலையாட்டினான். மறுவாரமே உமா பெட்டியோடு பஸ் ஏறினாள். மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்து, “என்னா நடிப்பு!” என்று செல்வராணி கொட்டாவி விட்டாள்.

சில நாள் நல்ல தூக்கம். ஆனால் செவந்தி வீட்டில் பால் நின்றுபோனது. மடி கனத்திருந்தும் மாடு சொட்டுக்கூட விடவில்லை. இனி சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான் என்று செவந்தி கண்ணைக் கசக்கினாள்.

மாட்டு டாக்டர் ரகுநாத் வந்தார். துணி காயப்போடுகிற சாக்கில் செல்வராணியும் வேலியோரம் வந்து நின்றாள்.

“மாட்டுக்கு நோவு ஒண்ணும் இல்லங்க. பால் மடியிலதான் இருக்கு. ஆக்சிடோசின்னு ஒரு ஹார்மோன், மூளையிலேர்ந்து ரத்தத்துல கலந்து மடிக்கு வந்தாத்தான் அது எறங்கும். கறக்குறப்ப பழகுனது எதாச்சும் மாறிட்டா அது சரியா சுரக்காது. கை மாறிச்சா? எடம் மாறிச்சா?”

“அதே கை, அதே எடந்தான் சார். ஒரு ஊசி போட்டு விடுங்களேன்.”

“ஊசிக்குப் பழக்காதீங்க. வேற என்ன மாறுச்சுன்னு நல்லா யோசிச்சுப் பாருங்க.”

உமா வழக்கமாக நிற்கிற கொட்டகை மூலை காலியாக இருந்தது. செவந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிகாலை. “ஒங்களுக்கெல்லாம் மாமியார்னு பேரு வேற!” உமாவின் குரல்தான். முன்னைவிடக் கரகரப்பாக, ஊரே கேட்கும்படி வந்தது.

போன சனியன் திரும்பி வந்துவிட்டதா? செல்வராணி வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு வேலிக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

கொட்டகையில் உமா இல்லை. கம்பத்தில் ஒரு செல்போன் தொங்கிக்கொண்டிருந்தது. மாடு சாவகாசமாக அசைபோட, கீழே குந்தியிருந்த செவந்தி போனைப் பார்த்துக் குழைந்தாள்:

“இன்னும் நல்லா வையி ஆத்தா, இப்பத்தான் பால் எறங்குது!”