கேட்ட விலைக்கு மிக்ஸி

"மூவாயிரத்தைந்நூறு. அதுக்கு மேல ஒரு பைசா தரமாட்டேன்" என்றான் கிரிஷ்.

"சரி தம்பி, எடுத்துக்கிடுங்க" என்றார் பாத்திரக்கடை அழகியநம்பி அண்ணாச்சி.

கிரிஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெட்டியில் போட்டிருந்த விலை நாலாயிரத்தைந்நூறு. போனில் பார்த்தால் நாலாயிரம். பேரம் என்றால் என்ன? இவன் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்து "கட்டுப்படியாகாது" என்பார். இவன் கோபித்துக்கொண்டு படி இறங்குவான். அவர் "வாங்க தம்பி, வாங்க" என்று கூப்பிடுவார். அதுதானே முறை? பழவங்காடி பஜாரில் கடை வைத்திருக்கிற மனுஷர் கேட்ட விலைக்குச் சரி என்றால் பயமாக இருக்காதா?

விஷயம் மிக்ஸியோடு நிற்கவில்லை. காலையில் வீட்டில் பழைய மிக்ஸி புகைந்தது. கூடவே வீடும் புகைந்தது.

"போன்ல தட்டினா நாளைக்கே வந்துடும். விலையும் குறைச்சல்" என்றாள் மனைவி ஸ்மிதா.

"தொட்டுப் பார்க்காம, தட்டிப் பார்க்காம ஒரு சாமானா? நான் போய் நம்பி கடைல பேசினா உன் போன் விலையெல்லாம் பிச்சை வாங்கணும், கேட்டியோ!" என்றாள் அம்மா வாலாம்பாள்.

குக்கருக்கு, தோசைக்கல்லுக்கு, இட்லித் தட்டுக்கு என்று மாசாமாசம் இதே கச்சேரிதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கிரிஷ் இன்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"நானே கடைக்குப் போறேன். போனைவிடக் குறைச்சலாக் கிடைச்சா இனிமே எல்லாம் கடைல. இல்லேன்னா எல்லாம் போன்ல. இன்னியோட கச்சேரி க்ளோஸ்!"

அம்மாவின் முகம் விழுந்தது. ஸ்மிதாவின் முகமும் விழுந்தது. இவள் முகம் எதற்கு விழவேண்டும் என்று நம் நீதிபதிக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

"மூவாயிரம்?" என்றான் இப்போது, சும்மா ஆழம் பார்க்க.

"ஆகட்டும் தம்பி. பொதிஞ்சு தரட்டா?"

"அண்ணாச்சி, பழைய சரக்கா?"

"நேத்து இறங்கினது."

"மோட்டார்ல ஏதாவது?"

அண்ணாச்சி பிளக்கைச் செருகி ஓட்டிக் காட்டினார். கடையில் அடுக்கியிருந்த தம்ளரெல்லாம் கிடுகிடுத்தது. கேரண்டி கார்டையும் எடுத்து நீட்டினார்.

மிக்ஸியில் கோளாறு இல்லை. அப்படியானால் ஆளில்தான் கோளாறு! கிரிஷுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்போ மூவாயிரத்துக்கே கட்டுப்படியாறது! இத்தனை வருஷமா எங்கம்மாகிட்ட எவ்வளவு அடிச்சிருப்பீங்க? பாவம் அது, ஜெயிச்சுட்டேன் ஜெயிச்சுட்டேன்னு குதிச்சுண்டு வரும். போரும் அண்ணாச்சி. இனிமே எங்காத்துக்கு எல்லாம் போன்லதான்!"

அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனது.

"கள்ளன்னு சொல்லிட்டீங்க. இனி வாயைப் பொத்திக்கிட்டு இருக்க முடியாது. சொல்லமாட்டேன்னு ரெண்டு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், போகட்டும். இப்படி இருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

"உங்க அம்மா வருவாங்க. கடை அதிரப் பேரம் பேசுவாங்க. ஆயிரத்தை எழுநூறாக்கி, அப்படியே பில்லும் எழுதச் சொல்லுவாங்க. பொறவு சுத்துமுத்தும் பாத்துட்டு, ஆயிரத்தையும் முழுசா எண்ணி வைப்பாங்க."

"முழுசாவா? எதுக்கு?"

"'போன் ஜெயிச்சுடுத்துன்னா எனக்கு அப்புறம் ஆத்தை விட்டு வெளில வரவே ஒரு சாக்கு இல்லைடா நம்பி, நாலு சுவரைப் பார்த்துண்டு கிடக்கணும். அதுக்காக உன் வயத்துல அடிக்கப்படாது' ன்னு சொல்லுவாங்க. முழு விலை வேண்டாம்னா, சாமானை வச்சுட்டுப் போயிருவேன்னு மிரட்டுவாங்க."

அண்ணாச்சி நிறுத்தவில்லை.

"அவங்க தெரு முக்குத் திரும்பியிருக்க மாட்டாங்க, உங்க வீட்டம்மா போன்ல விளிப்பாங்க. 'அம்மா இன்னிக்கு எவ்வளவு குறைச்சா அண்ணாச்சி?' ம்பாங்க. நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லி முடிக்கதுக்குள்ள இந்தா, மேசை மேல இருக்க, போன்ல பணம் வந்தாச் சொல்லுத இந்தப் பெட்டி, முன்னூறு ரூபா கிட்டிச்சுன்னு கத்தும்."

"ஸ்மிதாவா? அவ கடையே வேண்டாம்ங்கிறவளாச்சே!"

"'நான் போன்ல குறைச்சல்னு உசுப்பேத்தினாத்தான் அம்மா செருப்பை மாட்டுவா. அப்பா போனதுலேருந்து வேற எதுக்கும் வாசல் தாண்டறதில்லை. ஜெயிச்சுண்டு வர அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிடறா. அவ ஜெயிக்கணும், உங்களுக்கும் நஷ்டம் வரப்படாது' ன்னாங்க. நான் என்ன செய்ய?"

கிரிஷ் ஸ்டூலில் உட்கார்ந்தே விட்டான். கண்ணில் நீர் முட்டியது. காலையில் சொன்ன தீர்ப்பை நினைக்க வெட்கமாக இருந்தது. ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி பொத்திப் பொத்தி நடத்தியதை, பெரிய மனுஷனாட்டம் ஒரே வார்த்தையில் இழுத்து மூடப் பார்த்தானே!

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

"அப்போ அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிண்டிருக்கீங்க!"

"வாங்கினேன் தம்பி. ஒளிக்கல. மாமிகிட்டத் திருப்பிக் குடுத்தா மருமக மாட்டுவாங்க. மருமககிட்டக் குடுத்தா மாமி மாட்டுவாங்க. நீங்களானா கடைப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேங்கீங்க" என்ற அண்ணாச்சி, மிக்ஸியைப் பெட்டியில் இறக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் ஒரு நூறு ரூபா குறைச்சுக் கேளுங்க தம்பி. உங்க வீட்டுப் பணம் முழுசும் உங்க வீட்டுக்கே போய்ச் சேந்துரும்."